இரவு ஷிப்டிலும் வளரும் விசுவாசம்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால் ஆகிய இடங்களின் தொழிற்சாலைகளில் உழைக்கும் கிறிஸ்தவ சகோதர சகோதரிகளுக்கும், அவர்களை வரவேற்கும் பொறுப்புள்ள இப்பகுதிச் சபைகளுக்கும் இம்மடல் எழுதப்படுகிறது.

கடவுளை நம்புவது என்றால் என்ன, அந்த நம்பிக்கை அன்றாட வாழ்வில் எவ்வாறு வளர்கிறது என்ற கேள்விகள் திருச்சபைக்குப் புதியவை அல்ல. ஆயினும் இரவும் பகலும் வாரத்துக்கு வாரம் இடம் மாறும் வேலையில், கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படுமா என்பது கடைசி நாள்வரை தெரியாத நிலையில், பிறந்த ஊரின் கோவில் மணியோசை எட்டாத ஹாஸ்டல் அறையில், அதே கேள்விகள் வேறொரு கூர்மையோடு எழுகின்றன. அந்தக் கூர்மையை மழுப்பாமல், இன்றைய ஒரகடத்தின் சூழலுக்குள் வைத்தே அவற்றுக்கு விடை தேட இம்மடல் முயல்கிறது.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலையும், 2012இல் டெய்ம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. 2024இல் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதி வளாகம் ஒன்றே எழுந்து நின்றது. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த ஊர்கள் ஒரு தலைமுறைக்குள் உலகச் சந்தைக்கான உற்பத்திக் களமாக மாறியபோது, கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்தும், வட மாவட்டங்களிலிருந்தும், ஜார்க்கண்ட், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் இங்கு வந்து சேர்ந்தனர். அவர்களில் தென்னிந்தியத் திருச்சபையார், கத்தோலிக்கர், லுத்தரன்கள், பெந்தெகொஸ்தேயினர் எனப் பல மரபுகளைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் உண்டு. ஊரில் விசுவாசம் என்பது குடும்பமும் சபையும் திருவிழாவும் சேர்ந்து தாங்கிய ஒன்றாக இருந்தது. இங்கே அந்தத் தாங்குதல்கள் இல்லாமல் ஒவ்வொருவரும் தனித்து நிற்க நேர்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திருச்சபையைச் சீர்திருத்த எழுந்தவர்களின் வழிவந்த இறையியலாளர்கள் விசுவாசத்தில் மூன்று கூறுகளைப் பிரித்துக் காட்டினர்: கடவுளைக் குறித்துச் சொல்லப்படுவதை அறிதல், அறிந்ததை உண்மையென ஒப்புக்கொள்ளுதல், ஒப்புக்கொண்டவரிடமே தன்னை ஒப்படைத்து அவரைச் சார்ந்து வாழ்தல். முதல் இரண்டையும் ஞாயிறு பள்ளியும் மறைக்கல்வி வகுப்பும் கற்பித்துவிடலாம். பேய்களும் அந்த அளவுக்கு நம்பி நடுங்குகின்றன என்று யாக்கோபின் நிருபம் எச்சரிப்பதும் இதனால்தான். மூன்றாவதோ, சார்ந்திருக்க வேண்டிய நிலைமை உண்மையிலேயே வரும்போது மட்டும், அதுவும் சிறிது சிறிதாகவே கைவருகிறது. எனவே வீட்டை விட்டு வந்தபின் தங்கள் விசுவாசம் தளர்ந்துவிட்டதாக வருந்தும் பலருக்கு உண்மையில் நேர்ந்திருப்பது, முதல் இரண்டு கூறுகளோடு நின்றிருந்த விசுவாசம் மூன்றாவதை எதிர்கொள்ளத் தொடங்கியிருப்பதே என்று கருத இடமுண்டு.

இந்த இடத்தில் ஒரு தவறான போதனையைத் தெளிவாகச் சுட்ட வேண்டியுள்ளது. உறுதியாக நம்பிக் காணிக்கை கொடுப்பவருக்கு வேலையும் செல்வமும் உடல்நலமும் கடவுள் தருவது நிச்சயம் என்று கற்பிக்கும் செழிப்பு உபதேசம், வருமான நிச்சயமில்லாத இளைஞர்களிடையே எளிதில் வேர்பிடிக்கிறது. ஜெபித்தேன், வேலை நிரந்தரமானது என்று ஒருவர் முன்வந்து சாட்சி சொல்லும்போது சபை கைதட்டி மகிழ்வது இயல்பே. ஆனால் அதே அளவு ஜெபித்தும் டிரெய்னியாகவே அனுப்பிவிடப்பட்டவர் பின்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார் என்பதையும், அவர் சொல்வதற்கு மேடையில் இடமே இல்லை என்பதையும் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 2006இல் இப்பகுதியில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர், அவர்களில் மிகுதியும் இளம்பெண்கள், வேலையிழந்தனர். அதற்கு அவர்களில் எவருடைய விசுவாசக் குறைவும் காரணமன்று. வரித் தகராறும் கைப்பேசிச் சந்தையின் மாற்றமுமே காரணங்கள். அத்திமரம் துளிர்விடாமல், தொழுவத்தில் மாடில்லாமல் போன நிலையிலும் கடவுளில் களிகூர்வேன் என்று பாடிய ஆபகூக் தீர்க்கதரிசியின் விசுவாசத்தைச் செழிப்பு உபதேசத்தால் விளக்க முடியாது.

தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் இத்தகைய விசுவாசத்துக்குச் சான்றைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரண்மனைப் பணியில் இருந்தவர். துறவியோ குருவோ அல்லர், குடும்பஸ்தர். குடும்பத்தில் அடுக்கடுக்காக நேர்ந்த இழப்புகளால் அவர் சோர்ந்திருந்தபோது, 1741ஆம் ஆண்டுக் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி அளித்த டச்சுத் தளபதி தெ லனோய் அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்ததாக மரபு கூறுகிறது. யோபுவின் நூல் துன்பத்துக்கு விளக்கம் தருவதில்லை. நீதிமானுக்குத் துன்பம் வராது என்று வாதிட்ட நண்பர்களைக் கடவுள் கண்டிப்பதாகவே அது முடிகிறது. அந்தக் கதையைக் கேட்டவர் 1745இல் தேவசகாயம் என்ற பெயருடன் திருமுழுக்குப் பெற்றார். பின்னர் பதவியை இழந்தார், சிறைப்பட்டார், 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமாபுரியில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, இந்தியப் பொதுநிலையினருள் அந்நிலையை அடைந்த முதல்வர் ஆனார். நம்பியபின் அவர் வாழ்வு வசதியாகவில்லை. இழப்பிலிருந்து தொடங்கிய விசுவாசம் மேலும் பெரிய இழப்புகளைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்தது என்பதே அவ்வரலாறு காட்டுவது.

கூலி வேலையின் நிச்சயமின்மையை இயேசுவே தம் உவமையொன்றின் பொருளாக்கியிருக்கிறார். மத்தேயு இருபதாம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டத்து முதலாளி அதிகாலை தொடங்கி மாலை ஐந்து மணிவரை பலமுறை சந்தைவெளிக்குச் சென்று ஆள் அமர்த்துகிறார். நாள் முழுவதும் ஏன் சும்மா நின்றீர்கள் என்று அவர் கடைசியாக நின்றவர்களைக் கேட்கும்போது, எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்று அவர்கள் சொல்லும் விடையில், காலையில் பேருந்து நிறுத்தத்திலோ ஏஜென்சி வாசலிலோ காத்திருந்து திரும்பியவர்களின் வாழ்வு அப்படியே அடங்கியிருக்கிறது. அவர்களுக்கும் ஒரு தெனாரியம், அதாவது அக்காலத்தின் முழு நாள் கூலி, கொடுக்கப்படுகிறது. கடவுளின் அருள் உழைப்பின் அளவுக்கேற்ப வழங்கப்படுவதில்லை என்பதே இவ்வுவமையின் மையம் என வழிவழியாக விளக்கப்படுவது சரியே. அதனோடு மற்றொன்றும் சேர்ந்திருக்கிறது: அழைக்கப்படாமல் நின்ற நேரம் அந்த முதலாளியின் பார்வையில் குற்றமாகக் கருதப்படவில்லை. டார்கெட்டாலும் அட்டெண்டன்ஸ் போனஸாலும் தன் மதிப்பை அளக்கப் பழகிவிட்ட மனம், கடவுளிடமும் அதே கணக்கோடுதான் செல்கிறது. அந்தக் கணக்கைக் கைவிடுவது விசுவாச வளர்ச்சியில் கடினமானதும் முதன்மையானதுமான படியாகும்.

கடவுளை நம்புவது அநீதியைச் சகித்துக்கொள்வதாகாது. அன்றாடக் கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் கட்டளையிடுகிறது. பிடித்துவைக்கப்பட்ட கூலி தானே கடவுளை நோக்கிக் கூக்குரலிடுவதாக யாக்கோபு எழுதுகிறார். தொழிலாளர் சங்கமாகச் சேரும் உரிமையைத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891ஆம் ஆண்டிலேயே தம் சுற்றுமடலில் ஆதரித்தார். 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சங்க அங்கீகாரத்துக்காக ஒரு மாதத்துக்கும் மேலாக நடந்த வேலைநிறுத்தத்தின்போது, அதில் கலந்துகொள்வது விசுவாசத்துக்கு ஏற்றதா என்ற தயக்கம் எந்தக் கிறிஸ்தவத் தொழிலாளிக்காவது எழுந்திருக்குமானால், திருமறை அதற்கு ஏற்கெனவே விடை சொல்லியிருக்கிறது.

விசுவாசம் வளர்வதில் மனித முயற்சிக்கு இடம் உண்டா, எல்லாமே கடவுளின் செயலா என்ற வினாவை ஸ்ரீபெரும்புதூரின் மண்ணில் நின்று பேசுவது மிகவும் பொருத்தமுடையது. இவ்வூர் இராமாநுசர் பிறந்த தலம். அவர் வழிவந்த வைணவ ஆசாரியர்கள் சரணாகதி, அதாவது இறைவனிடம் தன்னை முற்றிலும் ஒப்படைத்தல், எவ்வாறு நிகழ்கிறது என்று பல தலைமுறைகள் ஆழ்ந்து வாதிட்டனர். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப் போல அடியவனும் பற்ற வேண்டும் என்று வடகலையாரும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைப் போல அடியவன் தாங்கப்படுகிறான் என்று தென்கலையாரும் கூறினர். கிறிஸ்தவ மரபிலும் அகுஸ்தீன் காலம் முதல் இவ்வாதம் நடந்துவந்திருக்கிறது. பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்ற கருத்தையும், உங்களுக்குள் செயலாற்றுபவர் கடவுளே என்ற கருத்தையும் பவுல் பிலிப்பியருக்கு அடுத்தடுத்து எழுதி, இரண்டையும் பிரிக்காமல் வைத்தார்.

இவ்விரு மரபுகளும் ஒரே வாழ்வில் சந்தித்தது எச். ஏ. கிருஷ்ண பிள்ளையிடம். 1827இல் நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்ற அவர், கம்பனில் தோய்ந்த தம் தமிழைக் கொண்டே 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை வெளியிட்டார். அதன் மூலநூலான ‘பரதேசியின் மோட்சப் பயணம்’ 1678இல் வெளிவந்தது. அதை எழுதிய ஜான் பனியன் பெரிய கல்வி பெற்றவர் அல்லர், ஊர் ஊராகச் சென்று உலோகப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பழுதுபார்த்த தொழிலாளி. வெல்டிங் ஷாப்பிலும் பிரஸ் ஷாப்பிலும் நிற்பவர்கள் இதைத் தங்கள் உறவுக்காரரின் நூலாகவே எண்ணிக்கொள்ளலாம். அந்த நூலின் பயணி ஒரே நாளில் பரிசுத்தனாகிவிடுவதில்லை. சேற்றில் விழுகிறான், வழி தவறுகிறான், சந்தேகக் கோட்டையில் அடைபடுகிறான், அங்கிருந்து வெளியேறும் திறவுகோல் தன் மடியிலேயே இருந்ததைப் பல நாட்களுக்குப்பின் நினைவுகூர்கிறான். அத்திறவுகோலின் பெயர் வாக்குத்தத்தம், அதாவது கடவுள் அளித்த உறுதிமொழி. பரிசுத்தமாகுதல், அதாவது விசுவாசி கிறிஸ்துவின் இயல்புக்கு ஒத்தவனாக மாறிவருதல், இப்படி நெடும்பயணமாகவே நிகழ்கிறது; பின்னடைவுகள் அப்பயணத்துக்கு உள்ளேயே நிகழ்பவை.

அந்தப் பயணத்தின் ஒவ்வொரு நாளையும் எவ்வாறு நடப்பது என்பதற்கு முன்மாதிரிகள் உண்டு. ஊரில் பழகிய அதிகாலைத் தியானமும் குடும்ப ஜெபமும் ஷிப்ட் வாழ்க்கைக்குப் பொருந்தாமல் போகும்போது, அவற்றைக் கைவிட்ட குற்ற உணர்வோடு ஜெபத்தையே விட்டுவிடுகிறவர்கள் பலர். பாரீஸ் நகரக் கார்மேல் மடத்தின் சமையலறையில் நெடுங்காலம் பணியாற்றி 1691இல் மறைந்த சகோதரர் லாரன்ஸ், தமக்கு இயல்பாகவே பிடிக்காத அடுக்களை வேலைக்கு நடுவில், குறித்த ஜெப நேரத்துக்கும் வேலை நேரத்துக்கும் வேறுபாடின்றிக் கடவுளின் முன்னிலையில் இருப்பதைப் பயின்றார். பயின்றார் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மனம் நாள்தோறும் அலைந்ததையும், ஒவ்வொரு முறையும் தம்மை நொந்துகொள்ளாமல் அதைத் திருப்பிக்கொண்டதையும் அவரே தெரிவித்திருக்கிறார். கத்தோலிக்க மரபு மனவல்லய ஜெபம் என்றழைக்கும், ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய சிறு வேண்டுதல், கைகள் ஓயாத அசெம்பிளி லைனுக்கென்றே அமைந்ததுபோல் உள்ளது. கைப்பேசியை வாசலிலேயே ஒப்படைத்துவிட்டு உள்ளே செல்பவருக்கும் அது கூடவே வரும். எனினும் கவனம் பிசகினால் விரல் போகும் இயந்திரத்தின் முன் நிற்பவர் அந்நேரத்தில் இயந்திரத்தைக் கவனிப்பதே அவர் செலுத்த வேண்டிய ஆராதனை. ஜெபத்தை டீ பிரேக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரவு ஷிப்டில் இருப்போருக்கு நூற்றுமுப்பத்துநான்காம் சங்கீதம் தனிப் பொருளுடையது. மூன்றே வசனங்கள் கொண்ட அப்பாடல், இராக்காலங்களில் ஆலயத்தில் நிற்கும் ஊழியரை நோக்கிப் பாடப்பட்டது. ஊர் உறங்கும் நேரத்தில் நின்றபடி பணிசெய்பவர்கள் கடவுளைத் துதிக்க அழைக்கப்பட்டார்கள், சீயோனிலிருந்து ஆசியும் பெற்றார்கள். விதைத்தவன் தூங்கியும் எழுந்தும் இருக்க, அவன் அறியாமலேயே விதை முளைத்துப் பயிராவதாக மாற்கு நான்காம் அதிகாரத்தில் இயேசு சொன்னதும் இங்கு நினைக்கத்தக்கது. இரவுப் பணி முடிந்து பகலில் உறங்குபவரின் உறக்கமும் விசுவாசச் செயலாகலாம். தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டு உடலைக் கடவுளிடம் விட்டுவிடுகிற நேரம் அது.

இனி, ஞாயிற்றுக்கிழமை. வீக் ஆஃப் வேறு நாளில் விழுவதால் மாதக்கணக்கில் ஆலயம் செல்லாதவர்கள் தங்களைச் சபைக்கு வெளியே போய்விட்டவர்களாக எண்ணுகிறார்கள். சில வேளைகளில் சபையும் அவ்வாறே எண்ணுகிறது. திருச்சபையின் வரலாறு இந்த எண்ணத்துக்கு இடம் தரவில்லை. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 321இல் ஞாயிற்றை ஓய்வு நாளாக அறிவிக்கும்வரை, ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு ஞாயிறு எல்லாருக்கும் வேலைநாள். கிறிஸ்தவர்களில் பலர் அடிமைகளும் கூலித்தொழிலாளர்களும் ஆவர். கி.பி. 112ஐ ஒட்டிப் பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி, தம் பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றிப் பாடிவிட்டுக் கலைந்து, பிறகு மீண்டும் உணவுக்காகக் கூடியதாகப் பதிவு செய்கிறார். வேலைக்கு முன்னும் வேலைக்குப் பின்னும் கூடிய சபையே ஆதிச்சபை. துரோவாவில் நள்ளிரவுவரை நீண்ட பவுலின் பிரசங்கத்தில் ஐத்திகு என்னும் இளைஞன் உறங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தபோது, பவுல் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. இறங்கிச் சென்று அணைத்துக்கொண்டார். இரவு ஷிப்ட் முடித்து நேரே ஆராதனைக்கு வந்து பெஞ்சில் கண்ணயரும் பிள்ளைகளிடம் இப்பகுதி மூப்பர்களும் போதகர்களும் குருக்களும் காட்ட வேண்டிய மனப்பாங்கு அதுவே. ஷிப்ட் நேரங்களை ஒட்டி வாரத்தின் வேறொரு மாலையிலோ விடியற்காலையிலோ ஓர் ஆராதனையோ திருப்பலியோ நடத்துவதும், இந்தியிலோ ஒடியாவிலோ ஒரு வாசகமேனும் இடம்பெறச் செய்வதும் இச்சபைகளால் இயலாத காரியங்கள் அல்ல.

ஆலயம் எவ்வளவு முயன்றாலும், ஹாஸ்டல் அறைக்குள் செய்யவேண்டியதை அங்கிருப்பவர்களே செய்ய முடியும். இங்கிலாந்தில் தொழிற்புரட்சி தலையெடுத்த காலத்தில், கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே 1739இல் திறந்தவெளியில் பிரசங்கித்த ஜான் வெஸ்லி, வேலைக்குச் செல்லுமுன் கேட்டுச் செல்ல வசதியாகக் காலை ஐந்து மணிக்கே போதித்து வந்தார். 1742இல் பிரிஸ்டல் நகரில், ஆலயக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி திரட்டப் பன்னிருவர் கொண்ட குழுக்கள் அமைக்கப்பட்டபோது, காசு வாங்கச் சென்றவர்கள் சில வீடுகளில் குடியும் சண்டையும் இருப்பதைக் கண்டனர். அந்தக் குழுக்களே விரைவில் ஒருவர் மற்றவரின் ஆத்தும நிலையை விசாரிக்கும் கூடுகைகளாயின. வெஸ்லியின் வழிவந்த மிஷனெரிகளே பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் பணித்தளம் அமைத்தனர்; ஆகையால் இந்த முறை இவ்வட்டாரத்துக்கு அந்நியமானதன்று. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்னும் பெயரில் அண்டைக் குடும்பங்கள் கூடி மறைநூல் வாசித்துப் பகிர்வதும் இதற்கு நெருங்கிய ஒன்றே.

ஒரே விடுதியிலோ ஒரே கம்பெனி பஸ்ஸிலோ உள்ள நான்கைந்து பேர், சபைப் பிரிவு எதுவாயினும், வாரத்தில் அரை மணி நேரம் கூடினால் போதும். சுவிசேஷத்தில் ஒரு பகுதியை வாசித்தபின், இவ்வாரம் எதில் கடவுளைச் சார்ந்திருக்க நேர்ந்தது, எதில் முடியாமற்போனது என்ற இரண்டு கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் உண்மையாக விடை சொல்லட்டும். நிரந்தரமாகாத வேலையும், வீட்டுக்கு அனுப்ப முடியாத பணமும், சூப்பர்வைசரின் வசவும், அடங்காத கோபமும், தனிமையில் பிடித்துக்கொண்ட தீய பழக்கமும் அங்கே பேசப்படட்டும். பேசப்பட்டவை அறையை விட்டு வெளியே செல்லாதிருக்கட்டும். ஷிப்ட் மாறியதால் வர இயலாதவரை மறுநாள் யாராவது ஒருவர் சென்று பார்க்கட்டும். பி.எஃப். படிவம் நிரப்பத் தெரியாதவருக்கு உதவுவதும், காய்ச்சலில் கிடப்பவரை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அக்கூடுகையின் வேலைகளே. கான்ட்ராக்ட் முடிந்து ஒருவர் ஓசூருக்கோ சொந்த ஊருக்கோ புறப்படும்போது, அங்குள்ள சபையொன்றின் பெயரையும் நேரத்தையும் விசாரித்து எழுதி அவர் கையில் கொடுத்து, போய்ச் சேர்ந்தபின் அவரைத் தொலைபேசியில் அழைக்கவும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.